கொக்கியில் இல்லாத சிலிண்டர்கள்

கம்பெனி வரவேற்பறைச் சுவரில் சேர்மன் பன்னிரண்டு இடங்களில் சிரித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு படங்களிலும் அவர் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். படத்துக்குப் படம் சட்டை மாறியது. சுற்றி நின்று கைதட்டுபவர்கள் மாறினார்கள். சேர்மனின் தலைமுடி நரைத்து, மறுபடி கறுத்தது. கன்று மட்டும் மாறவே இல்லை. அதே வளைந்த தண்டு, அதே ஓட்டை விழுந்த இலை.

"பாவம் அத்தான் அந்தச் செடி," என்றான் மச்சினன். "வேர் விடலாம்னு நினைக்கும்போதெல்லாம் போட்டோகிராபர் வந்துடறார்."

"மெதுவாப் பேசு மாப்ளே. இப்போ நீதான் போட்டோகிராபர்," என்றார் துப்பறிவாளர்.

மச்சினன் கழுத்தில் தொங்கிய கேமராவைத் தட்டிக்கொடுத்தான். அது படம் எடுப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. பிளாஷ் மட்டும் கண்ணைப் பறிக்கும். விழாக்களுக்குள் நுழைய அது போதும். வெளிச்சம் அடித்தால் பெரிய மனிதர்கள் கேள்வி கேட்பதில்லை, சிரிக்கிறார்கள்.

துப்பறிவாளர் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைப் பார்வையிட்டவர். தானாக எரிந்தது எது, எரிய வைத்தது எது என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லுவார். சொல்லக் கூடாத இடத்தில் சொல்லியதால் வேலை போயிற்று. மச்சினன் அவருக்குக் கல்யாணத்தோடு வந்தவன். நாற்பதைத் தாண்டியும் எந்த வேலையிலும் நிலைக்காத அவனை உதவியாளனாக வைத்துக்கொள்ளும்படி துப்பறிவாளரின் மனைவி கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

இன்றைய கட்சிக்காரி வெளியே, பின் கேட்டுக்கு எதிரே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். குப்பை லாரி டிரைவரின் மனைவி. போன வாரம் அவள் கணவன் ஓட்டிய லாரி நடுத்தெருவில் தீப்பிடித்தது. பக்கத்தில் பெட்ரோல் பங்க். அவன் இறங்கி ஓடியிருக்கலாம். ஓடாமல், எரியும் வண்டியைக் காலி மைதானத்துக்கு ஓட்டிப்போய்க் குப்பையைக் கொட்டினான். கொட்டும் பிடியை இழுத்ததில் கைகள் இரண்டும் வெந்தன. புகையை விழுங்கியதில் தொண்டை போயிற்று. இப்போது ஆஸ்பத்திரியில், பேச்சில்லாமல் கிடக்கிறான்.

லாரி கடைசியாகக் குப்பை ஏற்றியது இந்தக் கட்டடத்தின் பின்வாசலில். மறுநாளே சேர்மன் போலீஸிடம், "அந்த டிரைவர் எப்பவும் சிகரெட்டும் கையுமாத்தான் இருப்பான்," என்று சொல்லிவிட்டார். டிரைவர் சீட்டுக்கு அடியில் லைட்டர் ஒன்று கிடைத்தது. தீ வைத்த குற்றத்துக்கு வழக்கு. எழுந்து நடந்தால் நேரே ஜெயில்.

"அவர் சிகரெட் பிடிப்பாராம்மா?" என்று துப்பறிவாளர் கேட்டபோது அவள் மழுப்பவில்லை.

"பிடிப்பார் அண்ணே. ஆனா வண்டியில பிடிக்க மாட்டார். அதை யார் நம்புவாங்க?"

துப்பறிவாளர் நம்பினார். காரணம் அந்த லைட்டர். அதில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே வாயுவும் அப்படியே இருந்தது. டிரைவர் உட்காரும் இடத்தில் தீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எரிந்தது லாரியின் வயிறு. குப்பையை நசுக்கித் தள்ளும் இரும்புத் தகடு இருக்குமிடத்தில்தான் தீ பிறந்திருந்தது. நசுக்கினால் பற்றிக்கொள்ளும் குப்பை எது?

அந்தக் கேள்விக்கான பதில் வரவேற்பறையின் நடுவே, ஆள் உயரத்துக்கு, கண்ணாடியில் நின்றது.

'நாளைய பூமி' என்று அந்தத் தூணுக்குப் பெயர். உள்ளே விளக்கு. பழைய செல்போன் பேட்டரி, லேப்டாப் பேட்டரி, சைக்கிளில் மாட்டும் நீளப் பேட்டரி எல்லாம் பொக்கிஷம்போல மின்னின. சில பேட்டரிகள் வயிறு உப்பிக் கிடந்தன. தூணின் அடியில் ஓர் அறிவிப்புப் பலகை: 'லித்தியம் பேட்டரிகளைக் குப்பைத் தொட்டியில் போடாதீர். முனைகளில் டேப் ஒட்டி இங்கே போடவும்.'

மச்சினன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். "ஒண்ணுலகூட டேப் இல்லையே அத்தான். ஊர்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாதா?"

"படிச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு மேஜையைப் பாரு."

வரவேற்பு மேஜையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் பெரிய டேப் உருளை ஒன்று இருந்தது. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

மச்சினன் மேஜையில் சாய்ந்தான். "பேட்டரி போடறவங்களுக்கு நீங்கதான் டேப் ஒட்டித் தர்றீங்களாம்மா?"

"ஆமா சார். ஒட்டாம ஒண்ணும் உள்ளே போகாது," என்றாள் பெண் பெருமையாக.

"அப்புறம் எங்கே போச்சு?"

அவள் பன்னிரண்டு சேர்மன்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரல் இறங்கியது. "சேர்மன் சாருக்குப் பிடிக்கலை. போட்டோல பார்த்தா எல்லாம் பிளாஸ்திரி போட்ட நோயாளி மாதிரி இருக்காம். பளபளன்னு தெரியணும்னார். சாயங்காலம் கிளீனிங் ஆளுங்க வெளியே எடுத்து, ஒவ்வொண்ணா உரிச்சு, துடைச்சு, மறுபடி போடுவாங்க."

மச்சினன் தூணுக்குத் திரும்பி வந்தான்.

"டேப் எதுக்கு அத்தான் ஒட்டறது?" என்றான்.

"ஒண்ணோட முனை இன்னொண்ணோட முனையில பட்டா சூடேறும். உள்ளே மிச்சம் இருக்கற கரண்ட் மொத்தமும் ஒரே நேரத்துல வெளியே வரப் பார்க்கும். நசுங்கினாலும் அதே கதைதான். செத்த பேட்டரின்னு நாம நினைக்கறோம். அது சும்மா படுத்திருக்கு."

"அதைத் துடைச்சுப் பாலிஷ் போட்டு அடுக்கியிருக்காங்க." மச்சினன் தூணிலிருந்து தன்னையறியாமல் ஓரடி நகர்ந்தான்.

துப்பறிவாளர் கண்ணாடியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிவரைக்கும் உலோகம் உரசிய மெல்லிய கீறல்கள் இருந்தன. பேட்டரிகள் இருந்ததோ முழங்கால் உயரத்துக்குத்தான்.

"தூண் ஒரு தடவை உச்சிவரைக்கும் நிறைஞ்சிருக்கு. காலி பண்ணியிருக்காங்க. இப்போ மறுபடி நிறையுது. லாரியில எரிஞ்சது அதிகம் போனா ஒரு மூட்டை. மீதி எங்கே மாப்ளே?"

பதிலாக, கைதட்டல் கேட்டது. சேர்மன் வந்துகொண்டிருந்தார். முன்னால் இருவர் கதவைத் திறக்க, பின்னால் இருவர் திறந்த கதவைப் பாராட்டினார்கள். இன்று பாதுகாப்பு வாரத் தொடக்க விழா. தீயணைப்புத் துறையின் மேலதிகாரி சிறப்பு விருந்தினர். ஊழியர்களின் குழந்தைகள் மேடையில் பாடுகிறார்கள். அரங்கத்திலிருந்து அவர்கள் ஒத்திகை பார்க்கும் சத்தம் வந்தது.

மச்சினன் பிளாஷ் அடித்தான். சேர்மன் தூணின் மேல் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பூமித்தாய்க்கு என்னால ஆன சின்ன உதவி," என்றார் யாரும் கேட்காமலே.

"நிறைஞ்சா என்ன செய்வீங்க சார்?" என்றார் துப்பறிவாளர்.

"முறைப்படி மறுசுழற்சி."

"எங்கே?"

"அதுக்கெல்லாம் டிபார்ட்மென்ட் இருக்கு." சேர்மன் அடுத்த பிளாஷுக்காகக் காத்திருந்தார். வராததால் நகர்ந்தார்.

அந்த டிபார்ட்மென்ட் என்பது ஒரே ஒரு ஆள் என்று வரவேற்புப் பெண் சொன்னாள். பாதுகாப்பு அதிகாரி. ஏசி அறையிலும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாததால் ஊழியர்கள் அவரை ஹெல்மெட் என்றே கூப்பிடுகிறார்கள். போன வாரத்திலிருந்து அவர் தன் அறைப் பக்கமே வருவதில்லையாம்.

"எங்கே இருப்பார்?"

"தெரியலை சார். இங்கேயும் அங்கேயும் எதையோ தூக்கிக்கிட்டுப் போறார்."

துப்பறிவாளர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினார். கடைசிப் படத்துக்குக் கீழே இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. கொக்கிக்குக் கீழே சுவரில் நீள வட்டமாக ஒரு தடம். சுற்றிலும் சுண்ணாம்பு பழுத்திருக்க, அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மேலே 'தீயணைப்பான்' என்ற அட்டை. தீயணைப்பான் இல்லை.

"மாப்ளே, நடைவழியில எத்தனை கொக்கி காலியா இருக்கு, பார்த்துட்டு வா."

மச்சினன் எட்டிப் பார்த்தான். "கண்ணுக்கெட்டின வரைக்கும் எல்லாமே காலி. யாராவது திருடி எடைக்குப் போட்டுட்டாங்களா?"

"ஒரு ஆள் பயந்திருக்கார். பயந்தவர் சிலிண்டரை எல்லாம் எங்கே கொண்டுபோய் வெச்சிருக்காரோ, அங்கேதான் அவர் பயம் இருக்கு. கொக்கியைப் பார்த்துக்கிட்டே நட."

நடந்தார்கள். கணக்குப் பிரிவு நடைவழியில் காலிக் கொக்கிகள். மாடிப்படி அடியிலும் அப்படியே. கேன்டீன் வாசலில் இருந்த சிவப்பு சிலிண்டரை எடுத்துவிட்டு அந்தக் கொக்கியில் யாரோ குடை மாட்டியிருந்தார்கள். தரையில் சிலிண்டரை இழுத்த கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. அது ஒரே திசையில் போயிற்று. அரங்கத்தின் திசையில்.

குழந்தைகளின் பாட்டு நெருங்க நெருங்க, ஒரு நெடியும் வந்தது. நகப்பூச்சை அழிக்கும் திரவம்போல இனிப்பு நெடி. கீழே அழுகிய பழத்தின் வாடை.

"யாரோ அழகு பண்ணிக்கறாங்க," என்றான் மச்சினன்.

"பேட்டரி வயிறு கிழிஞ்சா இப்படித்தான் வாடை வரும்."

அதன்பிறகு மச்சினன் நகைச்சுவையை விட்டுவிட்டு வேகமாக நடந்தான்.

மேடைக்குக் கீழே சாமான் வைக்கும் அறை. அதன் சிறிய கதவுக்கு முன்னால் கட்டடத்தின் அத்தனை சிவப்பு சிலிண்டர்களும் கூட்டம் போட்டிருந்தன. நடுவே ஒரு நாற்காலி. நாற்காலியில் மஞ்சள் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே இருந்த முகத்தில் தூக்கம் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. மடியிலும் ஒரு சிலிண்டரைக் குழந்தைபோல வைத்திருந்தார்.

"இங்கே யாரும் வரக் கூடாது."

"உள்ளே எத்தனை மூட்டை சார்?" என்றார் துப்பறிவாளர்.

அவர் யார் என்றுகூட ஹெல்மெட் கேட்கவில்லை. யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போலப் பேசினார். "எட்டு. மறுசுழற்சிக் கம்பெனிக்காரன் பணம் கேட்டான். சேர்மன் சார், குப்பைக்கு எதுக்குப் பணம்னார். குப்பையோட குப்பையாப் போடச் சொன்னார். ஒண்ணு போட்டேன். அது..." நிறுத்திக்கொண்டார். "அதுக்கப்புறம் போடத் தைரியம் வரலை. இங்கே பூட்டி வெச்சேன். தினம் வந்து கதவைத் தொட்டுப் பார்க்கறேன், சுடுதான்னு."

"மேல குழந்தைங்க பாடுதே சார்," என்றான் மச்சினன். அவன் குரலில் கேலி இல்லை.

"அதான் சிலிண்டர் வெச்சிருக்கேன்."

"சிலிண்டர்ல இருக்கற பவுடர் இதுக்குப் பத்தாது. அணைஞ்ச மாதிரி இருக்கும், திரும்ப எரியும்," என்றார் துப்பறிவாளர். "கதவைத் திறங்க. மாப்ளே, நீ மேல போ. குழந்தைங்களை வெளியே கூட்டிட்டுப் போயிடு. பயமுறுத்தாதே."

"ஐஸ்கிரீம்னு சொல்றேன். அப்புறம் நீங்கதான் வாங்கித் தரணும்." மச்சினன் ஓடினான்.

ஹெல்மெட்டின் சாவி பூட்டைச் சுற்றி அலைந்தது. துப்பறிவாளர் வாங்கித் திறந்தார்.

அறை காலியாக இருந்தது.

தரையில் ஈரத் திட்டு ஒன்று. நெடி. மூட்டைகள் நின்ற இடத்தில் தூசி இல்லாத வட்டங்கள். வேறு ஒன்றுமே இல்லை.

ஹெல்மெட் சுவரைப் பிடித்துக்கொண்டார். "காலையில இருந்துச்சு. நான் பார்த்தேன். நான் இந்த இடத்தை விட்டு நகரவே இல்லை."

"நகரவே இல்லையா?"

"ஒரே தடவை. மூணாவது மாடியில ஒரு சிலிண்டர் மிச்சம் இருந்துச்சு. அதை எடுத்துவரப் போனேன்."

துப்பறிவாளர் அவர் மடியிலிருந்து உருண்ட சிலிண்டரைப் பார்த்தார்.

துடைப்பத்தோடு அந்த வழியே வந்த கிளீனிங் சூப்பர்வைசரம்மா திறந்த கதவைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வாடை போயிடுச்சில்ல சார்? பெரிய விருந்தாளி இந்த வழியாத்தான் மேடை ஏறப்போறார், மூக்கைப் பொத்திக்கிட்டா ஏறுவார்னு சேர்மன் சார் காலையில என்னைக் காய்ச்சி எடுத்துட்டார். என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. மூட்டையெல்லாம் பின் கேட்டுக்கு அனுப்பிட்டேன். குப்பை வண்டியும் வந்தாச்சு."

அவர் முடிப்பதற்குள் துப்பறிவாளர் ஓடிக்கொண்டிருந்தார்.

பின்முற்றத்தில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. கறுப்பு மூட்டைகள் அதன் பின்வாயில் கிடந்தன. மாற்று டிரைவர், பழைய டிரைவரைவிட இளையவன், பக்கவாட்டில் நின்று இரும்புப் பிடியில் கை வைத்திருந்தான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டினான். நசுக்கும் தகடு பெருமூச்சு விட்டபடி இறங்க ஆரம்பித்தது.

துப்பறிவாளர் கத்தினார். எஞ்சின் அதைத் தின்றுவிட்டது.

அரங்கத்தின் பக்கக் கதவு வழியே குழந்தைகளைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு மச்சினன் மூச்சிரைக்க வந்தான். நிலைமையைப் பார்த்தான். கேமராவைத் தூக்கி லாரியின் பக்கக் கண்ணாடியைக் குறிவைத்து பிளாஷ் அடித்தான். ஒருமுறை. இன்னொருமுறை. மின்னலடித்ததுபோல டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினான். துப்பறிவாளர் இரண்டு கையையும் விரித்து ஆட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தான். பிடியை விட்டான்.

தகடு நின்றது. முதல் மூட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

விரல் சொடுக்கியதுபோல ஒரு சத்தம். மூட்டையின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. அவசரமே இல்லாமல், நூல் பிரிவதுபோல.

"தகட்டைப் பின்னால எடு! எல்லாத்தையும் வெளியே கொட்டு! கொட்டிட்டு வண்டியை எடுத்துட்டுப் போ!"

இளைஞன் கேள்வி கேட்கவில்லை. மூட்டைகள் சிமென்ட் தரையில் சரிந்தன. லாரி விலகவும், புகைந்த மூட்டை ஊளையிட்டுக்கொண்டு வெடித்துத் திறக்கவும் சரியாக இருந்தது. தீ பக்கவாட்டில் பீறிட்டது. பளபளவென்று துடைத்த பேட்டரி ஒன்று தரையில் பாம்பு வாணம்போலச் சீறிப் பாய்ந்தது. நேராகப் போய், மேடையிலிருந்து போன குழந்தைகளைத் தேடி அப்போதுதான் வெளியே வந்த ஊர்வலத்தின் முன் நின்றது.

ஊர்வலத்தில் சேர்மனும், கையில் பூங்கொத்தோடு தீயணைப்பு மேலதிகாரியும் இருந்தார்கள்.

ஹெல்மெட் சிலிண்டரோடு ஓடிவந்து பவுடரை அடித்தார். தீ வெள்ளையடித்ததுபோல அடங்கிற்று. சேர்மன் கைதட்டவே தொடங்கிவிட்டார். பவுடருக்குள்ளிருந்து தீ மறுபடி தலைநீட்டியது.

மேலதிகாரி பூங்கொத்தைச் சேர்மன் கையில் திணித்தார். "பவுடர் வேண்டாம். சூடு உள்ளே இருக்கு. தண்ணிக் குழாயைக் கொண்டாங்க, நிறுத்தாம அடிச்சுக்கிட்டே இருக்கணும். மத்த மூட்டையைத் தள்ளிப் போடுங்க. யாரும் புகையில நிக்காதீங்க!"

தண்ணீர் வந்தது. சீறல் வந்தது. சேர்மனுக்குப் பழக்கதோஷத்தில் வாய் திறந்தது.

"இந்த லாரி டிரைவர்களே இப்படித்தான். கையில சிகரெட்..."

"சார்," என்றான் மச்சினன், "அந்தத் தம்பிகிட்டே தீப்பெட்டிகூட இல்லை. வேணும்னா பூங்கொத்தைக் குடுத்துட்டு ஜேபியைத் தடவிப் பாருங்க."

மேலதிகாரி இளைஞனைப் பார்த்தார். "மூட்டையில என்ன இருக்குன்னு கேட்கமாட்டியா?"

"கேட்டேன் சார்! கனமா இருக்கேன்னு கேட்டேன். பேப்பர்னு அந்தம்மா சொன்னாங்க."

சூப்பர்வைசரம்மா கையை உதறினார். "எனக்கென்ன தெரியும்? இது பழைய பேப்பர்னு போன வாரமே ஹெல்மெட் சார்தான் சொல்லிவெச்சார்."

துப்பறிவாளர் ஹெல்மெட் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "போன வாரமும் ஒருத்தர் கேட்டிருப்பாரே. கனமா இருக்குன்னு."

ஹெல்மெட் தண்ணீரில் நனைந்த தன் காலணிகளைப் பார்த்தார். "கேட்டார்."

"நீங்க?"

"பேப்பர்னு சொன்னேன்."

"பேப்பரா?"

அது பெண் குரல். லாரிக்காகத் திறந்த கேட் திறந்தபடியே இருந்தது. டிரைவரின் மனைவி உள்ளே வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"பேப்பர்," என்றாள் மறுபடியும். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். முஷ்டிகளைச் சேர்த்து வைத்தாள். ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக இழுத்தாள். மறுபடி சேர்த்தாள், மறுபடி இழுத்தாள்.

"கண்ணு முழிச்சதுல இருந்து இதைத்தான் அண்ணே பண்றார். கட்டுப் போட்ட கையை வெச்சுக்கிட்டு இப்படி, இப்படி. கட்டை அவுக்கச் சொல்றார்னு நர்ஸம்மா திட்டினாங்க. நானும் வலிக்குது போலன்னு கையைப் பிடிச்சுப் பிடிச்சு அமுக்கினேன்." அவள் கைகள் காற்றில் இன்னொருமுறை கிழித்தன. "பேப்பரைச் சொல்லியிருக்கார்."

சேர்மன் பூங்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இதைப் பத்தி அப்புறம் என் ரூம்ல உட்கார்ந்து..." என்று ஆரம்பித்தார்.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டிடம் போய் அவர் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து அவர் கண்ணை மூடினார்.

"வாங்க," என்றாள். "ஆட்டோ நிக்குது. போலீஸ்காரர் அவர் கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார். இப்போ சொன்னதை அங்கே வந்து சொல்லுங்க. அவர் காதுல விழணும், அவர் கையை நிறுத்தணும்."

ஹெல்மெட் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் மெல்லத் தலையை இடமும் வலமும் அசைத்தார். எத்தனையோ வருடங்களாக அந்தத் தலையசைப்புக்கு அர்த்தம் தெரிந்தவர் ஹெல்மெட்.

அவர் நடந்தார். அவள் சட்டையை விடவில்லை.

ஆட்டோ கிளம்பியபோது முற்றத்தில் புகை குறைந்திருந்தது. சூப்பர்வைசரம்மா துடைப்பத்தோடு கிட்டே வந்தார். மேலதிகாரி கையை நீட்டித் தடுத்தார்.

"தள்ளி நில்லுங்கம்மா. இது இன்னும் அணையலை."